கோடி இல்லாத சாவு

தப்பு முழங்கியபோது இருட்டு இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. விடிய விடியப் பெய்த மழை விடிந்த பிறகும் விடுவதாக இல்லை. கரடிக்கல் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடைகளை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, பல் கிட்டி நின்றார்கள். கொழுந்துக் கங்காணி குடைக்குள் நின்றபடி பேர் கூப்பிட்டான். ஒவ்வொரு பேருக்கும் இருட்டிலிருந்து ஒரு குரல் “இருக்கேங்க” என்றது.

“அங்கம்மா!”

பதில் இல்லை.

“அங்கம்மா எங்கடி?”

கருப்பம்மா ஓரடி முன்னால் வந்தாள். “மேலுக்கு முடியலைங்க.”

“முந்தாநாளும் அவளுக்கு மேலுக்கு முடியல. நேத்து ஒனக்கு முடியல. ஒருத்தி வந்தா இன்னொருத்தி வரக்கூடாதுன்னு சத்தியம் பண்ணிக்கிட்டீங்களோ?”

களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் காரணம் தெரியும். கேட்ட கங்காணிக்கும் தெரியும். கருப்பம்மா உடுத்தியிருந்த சேலைதான் காரணம். அவளும் அங்கம்மாவும் இருக்கிற அறையில் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து அது ஒன்றுதான் இருந்தது.

கருப்பம்மாவும் அங்கம்மாவும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். கருப்பம்மாவைக் கட்டிய அண்ணன் போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். தம்பி சடையன் தேயிலைச் செடி கவாத்து வெட்டுகிறவன். மதினியைத் தனியே விட அவனுக்கு மனமில்லை. மூன்று பேரும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில், ஒரே அடுப்பில் இருந்தார்கள்.

சீமையில் சண்டை மூண்ட பிறகு இது நாலாவது மழைக்காலம். சண்டைக்கு முன்னால் சீமைத் துணி எப்படியோ கைக்கு எட்டுகிற விலையில் கிடைத்தது. அப்புறம் விலை ஏறியது. அதற்கப்புறம் துணியே இல்லை என்றாயிற்று. தோட்டத்தில் துணி விற்கிற கடை பெரியகங்காணி கணபதியின் கடை ஒன்றுதான். “கப்பல் வரல, நான் என்ன செய்ய?” என்று அவர் கையை விரித்தார். பெண்கள் கிழிந்ததைத் தைத்துக் கட்டினார்கள். தைத்த இடம் கிழிந்தபோது இன்னொரு கிழிசலைச் சேர்த்துத் தைத்தார்கள். கடைசியில் ஊசி போன வழியெல்லாம் துணி விட்டுக்கொண்டு வந்தது. செடியின் கிளையிலும் ஈரத்திலும் சேலை கெடாமலிருக்க, ரங்கூன் அரிசி வந்த சாக்கை இடுப்பில் கட்டிக்கொள்வது மலையில் பழக்கம். படங்கு என்பார்கள். இப்போது பல பேருக்குப் படங்கு காப்பாற்ற வேண்டிய சேலை இல்லை. படங்கே சேலையாகிவிட்டது.

அன்றைக்குக் கருப்பம்மா மேல்மலையில் நிரை பிடித்தாள். தேயிலைத் தூருக்குள் கைவிட்டால் ஐஸ் தண்ணீருக்குள் விட்ட மாதிரி இருந்தது. விரல்கள் மரத்துப் போயின. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவது கண்ணுக்குத்தான் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. கெண்டைக்காலில் அட்டை ஏறி, ரத்தம் குடித்துத் தானாகவே உதிர்ந்தது. தலையில் போர்த்தியிருந்த சீமைக் கம்பளி மழையைக் குடித்துக் குடித்துக் கல்லாய்க் கனத்தது. தோட்டம் கொடுத்த கம்பளி. பார்வைக்குத் தடிப்பு, இழுத்தால் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து வரும். பண்டாரவளை ரயிலடிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போய், அங்கிருந்து தோட்டத்துச் சாமான் கொண்டுவருகிற பதுளை வண்டிக்காரர் லத்தீப் ஒருதரம் சொல்லியிருந்தார்: “சீமையில கந்தல அரைச்சு நூல் எடுக்கிறாங்களாம் தங்கச்சி. அவன் உடுத்திக் கிழிச்சதுதான் ஒங்களுக்குப் போர்வையா வருது.”

கருப்பம்மா சின்ன வயதில் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவள். அவள் எடுத்த பருத்தி பொதியாகித் தூத்துக்குடிக்கு வண்டி ஏறும். கடல் தாண்டிப் போய்ச் சேலையாகித் திரும்பி வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திரும்பி வந்ததை வாங்கிக் கட்ட அவள் வீட்டில் யாருக்கும் முடிந்ததில்லை. இங்கே பருத்திக்குப் பதில் கொழுந்து. அதுவும் கடல் தாண்டித்தான் போகிறது. கிள்ளுகிற கை மட்டும் அதே கை.

சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கங்காணி எல்லாரையும் நிற்க வைத்தான்.

“பெரிய தொரை உத்தரவு. நாளையிலேருந்து ஆள் வராத பேருக்கு அரிசி கெடையாது. மேலுக்கு முடியல, சேல ஒணரலங்கிற கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்.”

அறைக்குள் அங்கம்மா அடுப்போரத்தில் சாக்கைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம். வயிறு சாக்குக்குள் அடங்கவில்லை. கருப்பம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஈரச் சேலையை அவிழ்த்து அடுப்பு அனலில் பிடித்தாள்.

“நாளைக்கு நீ இதக் கட்டு. நான் படங்கோட வர்றேன்.”

“வேணாங்க்கா. ஒங்களுக்கு நடு நிரை. பத்துப் பேர் கண்ணு படும். எனக்கு ஓரத்து நிரை, செடியும் ஒசரம். குனிஞ்சே நின்னுக்குவேன்.”

“புள்ளத்தாச்சி நீ. குளிருக்கு என்னடி பண்ணுவ?”

“கம்பளி இருக்குல்ல.” அங்கம்மா சிரித்தாள். “இந்த வயித்தச் சுத்தி வர்றதுக்கு ஒங்க சேல பத்தாது. பாதிலயே நின்னுக்கும்.”

கருப்பம்மா மேலும் வற்புறுத்திப் பார்த்தாள். அங்கம்மா பிடிகொடுக்கவில்லை. காலையில் இருவரும் பெரட்டுக்குப் போனார்கள். அங்கம்மா இடுப்பில் ஒரு சாக்கும் மார்பை மறைத்து ஒரு சாக்கும் கட்டி, மேலே கம்பளியைப் போர்த்தியிருந்தாள். மற்ற பெண்கள் அவளை நடுவில் விட்டுச் சுற்றி நின்றார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பது ஒன்றுதான் அப்போது அவளுக்குக் கொடுக்கக்கூடியதாக இருந்தது.

மேல்மலையின் ஓரத்தில், மழைத்தண்ணீர் வடிவதற்கு வெட்டிய ஆழமான கான் ஒன்று செங்குத்தாக இறங்கியது. அதை ஒட்டிய கடைசி நிரையில் அங்கம்மா பறித்தாள். வெயில் தெரியாமலே பொழுது ஏறிய நேரத்தில் கீழே குதிரைகளின் குளம்புச் சத்தம் கேட்டது. பெரிய துரை, கொழும்பிலிருந்து வந்த கம்பெனி துரைமாருக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார்.

“தொரைமார் வர்றாங்க! நிமிந்து நின்னு எடுங்கடி! ஏ ஓரத்து நிரை, ஒளியாத, வெளிய வா!” என்று கங்காணி கத்தினான்.

கருப்பம்மா நடு நிரையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அங்கம்மா நிமிரப் பார்த்தாள். நனைந்து கனத்த கம்பளி கூடைக் கயிற்றில் மாட்டியது. அதை இழுத்தாள். கம்பளி நடுவே பிய்ந்து பாதி அவள் கையோடு வந்தது, மார்பில் கட்டிய சாக்கும் நழுவியது. குதிரைகள் வளைவு திரும்பி மேலே வந்துகொண்டிருந்தன. இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டு அவள் செடிக்குப் பின்னால் ஒதுங்கினாள். இன்னும் ஓரடி பின்னால் வைத்தாள். அங்கே மண் இல்லை.

கல்லில் ஒரு சத்தம் கேட்டது. அலறல் எதுவும் இல்லை.

கருப்பம்மா செடிகளை மிதித்துக்கொண்டு ஓடினாள். கான் அடியில், கலங்கல் தண்ணீரில் அங்கம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். கை இன்னும் மார்பை விட்டு எடுபடவில்லை. கான் வெட்டுகிற ஆட்கள் இறங்கித் தூக்கினார்கள். லயத்துக்குக் கொண்டுவரும் வழியிலேயே மூச்சு நின்றது. வயிற்றில் பிள்ளை சற்று நேரம் அசைந்தது, பிறகு அதுவும் நின்றது. கருப்பம்மா அந்த வயிற்றில் வைத்த கையை எடுக்காமலே வந்தாள்.

குதிரைகள் சிறிது நேரம் நின்றன. பெரிய துரை கங்காணியிடம் ஏதோ சொன்னார். கங்காணி மலையைப் பார்த்துக் கத்தினான்: “மத்தவங்க வேலையப் பாருங்க!”

மற்றவர்கள் வேலையைப் பார்த்தார்கள். அவர்கள் கை கிள்ளியது. கண் கீழே லயத்தின் மேல் இருந்தது.

செத்தவளுக்குக் கோடி போட வேண்டும். புதுத்துணி ஒன்று மேலே விழாமல் எந்த உயிரையும் மண்ணுக்கு அனுப்புவதில்லை. கோடி கொண்டுவர வேண்டிய பிறந்த வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. சடையன் கணபதியின் கடைக்குப் போய்க் கும்பிட்டு நின்றான். கணபதி மெய்யாகவே கண்கலங்கினார். “பாவம், தங்கமான புள்ள. ஆனா துணி இல்லையேப்பா. இருந்தா கோடிக்கு இல்லேம்பனா?” என்றார்.

வெறுங்கையோடு திரும்பியவனை லத்தீப் வண்டிக் கொட்டகையில் நிறுத்தினார்.

“என்ன தம்பி, துணி தந்தாரா?”

“இல்லயாம் லத்தீப் நானா.”

லத்தீப் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர், போடுவதை நிறுத்தினார். “முந்தாநாள் பண்டாரவளையிலேருந்து நான் ஏத்தியாந்தது என்ன? இரும்புப் பட்டை போட்ட துணிப்பொதி. சீமை முத்திரை போட்டது. இந்தத் தோள்ல சுமந்து அவர் பின்னறையில இறக்கினேன். அதுக்கு முந்தின நடையிலும் இறக்கினேன். பதுளையில வெல இன்னும் ஏறட்டும்னு பூட்டி வச்சிருக்கார். அல்லா அறிய நான் பொய் சொல்லல்ல.”

சடையன் வந்து மதினியிடம் சொன்னான். சொல்லும்போதே அவன் குரல் செத்துப்போயிருந்தது. கருப்பம்மா எழுந்தாள். அவளோடு பக்கத்து அறை ராசம்மாவும் எழுந்தாள். மலையிலிருந்து இறங்கிவந்த பெண்கள் கூடையை இறக்கிவைக்காமலே பின்னால் நடந்தார்கள்.

கடை வாசலில் கூட்டத்தைக் கண்டதும் கணபதி வெளியே வந்தார். “என்ன, ஊர்வலமா வர்றீங்க?”

“கோடிக்கு ஒரு துணி வேணுங்க” என்றாள் கருப்பம்மா. “பின்னறையில இருக்கிற பொதியிலேருந்து.”

“எந்தப் பொதி? அது மாவு மூட்டை. எவன் சொன்னான்?”

“மாவுக்கு எதுக்குங்க இரும்புப் பட்டை?” என்றாள் ராசம்மா.

“ஏய்! வாய அடக்கிப் பேசு!”

அந்த நேரம் பெரிய துரை பங்களாவுக்குத் திரும்புகிற வழியில் குதிரையை நிறுத்தினார். பெண்கள் வழக்கப்படி ஒதுங்கினார்கள். கருப்பம்மா மட்டும் ஒதுங்க மறந்து நின்றாள்.

“என்ன சத்தம்? செத்துப்போன பொம்பளைக்கு எனக்கும் வருத்தம். நாளைக்குப் பெரட்டு இருக்கு. எல்லாம் வீட்டுக்குப் போ.”

“அவளப் பொதைக்கத் துணி இல்லைங்க தொரை. துணி இல்லாமத்தான் அவ செத்தா.”

துரையின் முகம் சிவந்தது. “சீமையில பெரிய சண்டை, தெரியுமா? எங்க ஆளு ஆயிரக்கணக்கில சாகுது. கப்பல் இல்ல. துணி இல்ல. எல்லாரும் பொறுத்துக்கணும்.”

“தேயில போறதுக்குக் கப்பல் இருக்குதுங்களே” என்றாள் கருப்பம்மா.

எதிர்த்துப் பேசவேண்டும் என்று நினைத்து அவள் சொல்லவில்லை. மனசில் பட்டது வாயில் வந்துவிட்டது. துரை கணபதியைப் பார்த்தார். கணபதி தரையைப் பார்த்தார்.

“தேயிலை பட்டாளத்துக்குப் போகுது.”

“பட்டாளத்துக்குத் தேயில கிள்ளுறவ அம்மணமா நிக்கணுங்களா?”

துரை கணபதி பக்கம் திரும்பினார். “கங்காணி! இவங்களைப் பார்த்துக்க” என்று சொல்லிக் குதிரையைத் தட்டினார். குதிரை போனதும் கணபதி கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நாதாங்கி விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

லயத்துக்குத் திரும்பிய கருப்பம்மா அறைக்குள் போனாள். உடம்பிலிருந்த சேலையை அவிழ்த்தாள். வாசலில் நின்ற ராசம்மாவிடம், “ஒரு கை புடி” என்றாள். அங்கம்மாவின் உடம்பை இருவரும் கழுவி, அந்தச் சேலையை அவளுக்குச் சுற்றினார்கள். அங்கம்மா சொன்னபடி அது பாதியில் நிற்கவில்லை. வயிற்றைச் சுற்றி வந்து, மார்பை மூடி, தலைக்கு முக்காடு போடும் அளவுக்கு மிச்சமும் இருந்தது.

“பத்தாதுன்னியேடி, பாவி” என்றாள் கருப்பம்மா. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

ஆண்கள் சுமந்துபோய்ப் புதைத்துவிட்டு வந்தபோது கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கருப்பம்மா சாக்கைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் மற்ற லயங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு நான் பெரட்டுக்குப் போகல” என்றாள் கருப்பம்மா. “பதுளையில சர்க்கார் கச்சேரிக்குப் போறேன். இந்தச் சாக்கோடதான் போவேன்.”

“துண்டு இல்லாமத் தோட்டத்த விட்டு எறங்கினா வெலங்குதான்” என்றான் கான் வெட்டுகிற ஒருவன். துரை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அந்தத் துண்டு இல்லாமல் வெளியேறிய இரண்டு பேரைப் போன வருஷம் கைவிலங்கோடு கொண்டுவந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

“அரிசிய நிறுத்திட்டான்னா புள்ளைங்களுக்கு என்னத்தப் போடறது?” என்றாள் ராசம்மா. கடை வாசலில் வாயாடியவள்தான். இப்போது தலை குனிந்து சொன்னாள். “எனக்கு நாலு இருக்கு கருப்பம்மா.”

சடையன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: “போனவ போயிட்டா. எனக்கு ஒண்ணும் வேணாம் மதினி. விட்டுருங்க.”

கருப்பம்மா யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்ன பயம் அத்தனையும் அவளுக்குள்ளும் இருந்தது.

“நான் ஒருத்தி போனா வெலங்கு போடுவான். பத்துப் பேர் போனாலும் போடுவான். மல முழுக்கப் போனா? கொழுந்து நம்மளுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. கிள்ளாம விட்டா முத்திப்போகும். முத்தின எலைய எந்தப் பட்டாளம் குடிக்கும்? தொரைக்கு நாம வேணும். நாம அவருக்கு வேணுங்கிறது அவருக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியல.” அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “நான் பெருசா ஒண்ணும் கேக்கல. பூட்டியிருக்கிற பொதியப் பிரிக்கணும். பழைய வெலைக்குக் குடுக்கணும். துணி இல்லாம வர முடியாதவளுக்கு அரிசிய நிறுத்தக் கூடாது. அடுத்த ஓரத்து நிரையில நிக்கப்போறது ஒம் மகளா இன்னொருத்தி மகளான்னு பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது.”

ராசம்மா கருப்பம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, “நாலையும் கூட்டிக்கிட்டே வர்றேன்” என்றாள். “கச்சேரியில அதுங்களையும் பாக்கட்டும்.”

மறுநாள் மழை தூறலாய்க் குறைந்திருந்தது. முதலில் வந்து நின்றவன் சடையன். முந்தின நாள் பேச்சைப் பற்றி அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெண்களும் ஆண்களும் கிளம்பியபோது, பக்டரி வாசலில் தேயிலைப் பெட்டி ஏற்ற வேண்டிய லத்தீப், பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டுக் காலி வண்டியை ஓட்டிவந்தார். “நடக்க ஏலாதவங்களும் புள்ளைங்களும் ஏறுங்க” என்றார். “பெட்டி எங்கயும் ஓடிப்போகாது.”

தோட்டத்து எல்லையில் கணபதி நின்றிருந்தார். அவர் பின்னால் காவல்காரர்கள் கம்புகளோடு நின்றார்கள். அவர் கையில் மடிப்புக் கலையாத ஒரு நீலச் சேலை. கருப்பம்மா கிட்டே வந்ததும் அதை நீட்டினார்.

“இந்தா. மானத்தோட கட்டிக்கிட்டு வீடு போய்ச் சேரு. ஒன்னக் கப்பல்ல ஏத்திக் கூட்டியாந்தவன் நான். ஒன்ன இந்தக் கோலத்துல ரோட்டுல பாக்க எனக்கே சகிக்கல.”

புதுத்துணியின் கஞ்சி வாசனை அவள் மூக்கில் ஏறியது. குளிரில் விறைத்த தோள் அந்தத் துணியை அவளுக்கு முந்திக் கேட்டது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல நெசவு.

“நேத்து இல்லாதது இன்னைக்கு எப்படிங்க வந்துச்சு? ராத்திரியோட ராத்திரியா மலைக்குக் கப்பல் வந்துச்சுங்களா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குப் பரவியது. கணபதியின் நீட்டிய கை அப்படியே நின்றது. காவல்காரர்களில் இரண்டு பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் பெண்டாட்டிமாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

“இதே பொதியில இன்னும் இருக்கிறத எல்லாருக்கும் குடுங்க, நானும் கடைசியில ஒண்ணு வாங்கிக்கிறேன்” என்றாள் கருப்பம்மா.

“ஜெயில்லதான்டி கெடப்பீங்க! அத்தன பேரும்!”

“அத்தன பேரும்னுதாங்க வந்திருக்கோம்.”

அவள் நடந்தாள். கம்பு எதுவும் உயரவில்லை. ஒரு கிழவர் தன் கம்பளியைக் கழற்றி அவள் தோளில் போட வந்தார். “வேணாங்க” என்றாள் அவள். “பாக்கட்டும். ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் அவ செத்தா.” சாக்குக் கட்டியிருந்த மற்றப் பெண்கள் அதுவரை கூட்டத்துக்கு நடுவில் பதுங்கியிருந்தார்கள். அவர்களும் ஒவ்வொருத்தியாக முன்வரிசைக்கு வந்தார்கள்.

பாதை அடுத்த தோட்டத்தின் அடிவாரத்தை ஒட்டிப் போயிற்று. மேலே சரிவில் அந்தத் தோட்டத்துப் பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் இப்படி ஒரு கூட்டத்தை அவர்கள் பார்த்ததில்லை. ஒருத்தி நிமிர்ந்தாள். பிறகு நிரை முழுவதும் நிமிர்ந்தது. அவர்களிலும் பல பேர் சாக்கில்தான் இருந்தார்கள்.

“எங்க போறீங்க?” என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது.

“பதுளைக்கு!”

“எதுக்கு?”

“துணிக்கு!” என்று கருப்பம்மா கத்தினாள். “எங்க வீட்டுப் புள்ளத்தாச்சி ஒருத்தி துணியில்லாமச் செத்துட்டா!”

சரிவில் கைகள் கிள்ளுவதை நிறுத்தின. அவர்களுடைய கங்காணி ஏதோ அதட்டுவது கேட்டது. பதுளையில் என்ன காத்திருக்கிறது என்று கருப்பம்மாவுக்குத் தெரியாது. கச்சேரித் துரை மனுவைக் கேட்பாரோ, போலீசைக் கூப்பிடுவாரோ. திரும்பிப் போனால் அறையில் பூட்டுத் தொங்கினாலும் தொங்கும். தோளில் தூறல் ஊசியாகக் குத்தியது.

மேலே ஒரு கூடை தரையில் இறங்குவதைப் பார்த்தாள். பக்கத்தில் இன்னொன்று இறங்கியது.

“நில்லுங்க! நாங்களும் வர்றோம்!”

லத்தீப் மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்தார். கருப்பம்மா நடுரோட்டில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும், மழையில் நனைந்தபடி, அவர்கள் இறங்கி வரும்வரை நின்றார்கள்.